பெயரிழந்த பெரும்பள்ளி

காரைக்காலில் பேருந்து ஏறித் தெற்கே செல்வோர்க்கு நாகப்பட்டினம் தொலைவன்று. திருமலைராயன்பட்டினம் கடக்கும், வாஞ்சூர் எல்லை கடக்கும், நாகூர் மினாராக்கள் தோன்றி மறையும், இருபது கிலோமீட்டரில் ஊர் வந்துவிடும். புதுவை ஆட்சி முடிந்து தமிழ்நாட்டு ஆட்சி தொடங்குவது சாலையில் செல்வோர்க்குத் தெரியும். கடலுக்கு அந்த எல்லை தெரியாது. காவிரியின் கிளைகளுக்கும் தெரியாது. வழிநெடுகச் சிவன் கோயில் உண்டு, பெருமாள் கோயில் உண்டு, தர்கா உண்டு, மாதா கோயில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு திருநாள், ஒரு கொடி, ஒரு கூட்டம். இந்தக் கரையில் எவரும் எதையும் இழக்கவில்லை என்றே தோன்றும்.

இழந்தது உண்டு, தோழர்களே! நாகப்பட்டினத்துக்கு வடமேற்கே ஓரிரு மைல் தொலைவில், 1867-ஆம் ஆண்டு வரை ஒரு கோபுரம் நின்றது. நான்கு பக்கம், மூன்று நிலை. சாந்து பூசாமல் செங்கல்லோடு செங்கல் இழைத்து அடுக்கிய கட்டு. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வாயிலுக்கான திறப்பு. உள்ளே கூரையும் இல்லை, தளமும் இல்லை. அண்ணாந்து பார்த்தால் வானம். மழையும் உப்புக்காற்றும் அரித்த அந்த முதிய கோபுரத்தைக் கரையோரம் சென்ற மாலுமிகள் அடையாளமாகக் கொண்டு கலம் செலுத்தினர். 1846-இல் அதை நேரில் கண்டு வரைந்தவர் வால்ட்டர் எலியட் என்னும் ஆங்கில அதிகாரி. 1878-இல் அவர் அதைப்பற்றி எழுதினார். எழுதியபோது கோபுரம் இல்லை. இடித்துப் பதினோராண்டு ஆகியிருந்தது.

எலியட் குறித்து வைத்த செய்திகளுள் நம் நெஞ்சைச் சுடுவது ஒன்று. அந்தக் கோபுரத்துக்கு அந்நாளில் வழங்கிய பெயர்கள்! ஊரார் சிலர் ‘புதுவெளிக் கோபுரம்’ என்றனர். கப்பற்காரர் ‘சீனன் கோயில்’ என்றனர். வேறு சிலர் ‘கறுப்புக் கோயில்’ என்றனர். அரசாங்கத்தின் நில அளவைப் படத்திலோ ‘சைனக் கோயில்’ என்று குறித்திருந்தது. நான்கு பெயர்கள்! நான்கில் ஒன்றேனும் ‘பௌத்தப் பள்ளி’ என்று சொல்லவில்லை. சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. தான் யார் என்பதையே எடுத்துச் சொல்ல ஆளில்லாமல், அனாதைப் பிணம்போல் நின்ற கட்டடத்தை இடிக்க வந்தவனிடம், ‘இது இன்னது, இதைத் தொடாதே’ என்று எவர் சொல்வர்?

எவரும் சொல்லவில்லை. நாகையில் கல்லூரி நடத்திவந்த ஏசு சபைப் பாதிரிமார் அந்தக் கோபுரத்தை இடித்துக் கொள்ள அரசாங்கத்திடம் அனுமதி கேட்டனர். 1867-இல் சென்னை அரசாங்கம் அனுமதி தந்தது. நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலம் அது. செங்கல் சரிந்தது. அக்கல்லூரியும் அங்கே நிலைக்கவில்லை. 1883-இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்தது. பல நூற்றாண்டு நின்றதை இடித்தவர்கள், அதன்பின் இருபதாண்டுகூட அங்கே இருக்கவில்லை!

பாதிரிமாரை ஏசிவிட்டுப் பேனாவை மூடிவிடுவது எளிது. பரங்கி இடித்தான், வெள்ளையன் கையெழுத்திட்டான், நாம் குற்றமற்றவர் என்று மார்தட்டலாம். அப்படி மார்தட்டுவோர் இன்று பலர். அவர்கள் வரிசையில் நிற்க நம்மால் இயலாது. கடப்பாரை பிடித்த கை கடைசிக் கை. அதற்கு முன்னே, அந்தப் பள்ளியின் பெயரை மக்கள் நாவிலிருந்து துடைத்த கைகள் எவை என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பள்ளி எது என்று சொல்லியாக வேண்டும்.

‘சூடாமணி விகாரம்’ என்றால் இன்று பலர்க்குத் தெரியும். எப்படித் தெரியும்? கல்கி 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ வாயிலாகத் தெரியும். காய்ச்சல் கண்ட இளவரசன் அங்கே படுத்திருந்தான், புத்த பிக்குகள் மருந்து கொடுத்தனர் என்று தெரியும். திரைப்படம் பார்த்தோர்க்கும் அவ்வளவு தெரியும். கதையில் வரும் விகாரம், செப்பேடு சொல்லும் விகாரத்துக்கு ஒரு தலைமுறை முற்பட்டது. கதாசிரியர்க்கு அந்த உரிமை உண்டு. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் கதையில் இளவரசன் பிழைத்தானா என்று இரவெல்லாம் கண்விழித்த தமிழன், அந்த விகாரம் பிழைத்ததா என்று ஒரு பகலேனும் கேட்டானா? கேட்கவில்லை!

செப்பேடு சொல்வதைக் கேளுங்கள். கடலுக்கு அப்பால், இன்றைய சுமத்திரா, மலேயாப் பகுதிகளை ஆண்டது ஸ்ரீவிசய அரசு. கிடாரம் என்றும் கடாரம் என்றும் நம்மவர் அழைத்தது அதனைச் சேர்ந்ததே. அந்நாட்டு மன்னன் சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்தப் பெரும்பள்ளி எழுந்தது. எழுப்பியவன் அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன். அந்தப் பள்ளிக்கு இராசராச சோழன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். தொண்ணூற்றேழு வேலிக்கு மேற்பட்ட நிலம். ஆண்டுக்கு 8,943 கலம், இரண்டு தூணி, ஒரு குறுணி, மூன்று நாழி நெல் வருவாய். கலத்தோடு நின்றார்களா? நாழிவரை அளந்து எழுதினார்கள். பிடி யானையை நடத்தி எல்லை வளைத்தார்கள். அக்கம்பக்கத்து ஊரார் வந்து எல்லை காட்டினார்கள். அதிகாரிகள் ஓலையில் கையெழுத்திட்டார்கள். இராசராசன் மறைந்தபின் அவன் மகன் இராசேந்திரன் அதைச் செம்பில் வெட்டுவித்தான். இருபத்தோர் ஏடுகள், சமற்கிருதம் ஐந்தில், தமிழ் பதினாறில். ஏடுகளைக் கோத்த வளையத்தில் சோழ முத்திரை.

சைவத்தில் தோய்ந்த சோழன், சைவத்தின் பேரால் வானளாவத் தஞ்சையில் கோயில் எடுத்த அதே சோழன், புத்தனுக்கு ஊர் கொடுத்தான். கடல் வாணிகத்துக்காகக் கொடுத்தான் என்பர். ஆகட்டும், வாணிகத்துக்காகவே கொடுத்தான் என்று வைத்துக்கொள்வோம். வாணிகம் வளர வேண்டுமானால் பிறர் நெறியை மதிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்ததே! அந்த அறிவு பின்வந்தோர்க்கு இருந்ததா?

மறுபக்கமும் பாருங்கள். அதே நாகப்பட்டினத்தில் காயாரோகணம் என்னும் சிவன் கோயில் இருக்கிறது. அதன் கல்வெட்டுக்களைப் படித்தவர் சொல்கிறார்கள்: இராசேந்திரன் ஆட்சியின் முதல் ஆண்டுகளில், ஸ்ரீவிசய மன்னனின் முகவர்கள் அந்தச் சிவன் கோயிலுக்கு அணிகலனும் பொன்னும் கொடுத்தனர். சீனத்துப் பொன் என்றே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. புத்தனை வணங்கும் நாட்டார் சிவனுக்குப் பொன் கொடுத்தனர். இது கல்லில் நிற்கும் செய்தி.

இனி ஏட்டில் நிற்கும் செய்தி. வைணவர் போற்றும் குருபரம்பரைக் கதைகளில் ஒன்று: திருமங்கையாழ்வார் திருவரங்கத்துக்கு மதில் எழுப்பப் பணம் தேடினார்; நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளியில் பொன்னாலான புத்தர் சிலை இருப்பதை அறிந்தார்; போனார், கவர்ந்தார், உருக்கினார், மதில் கட்டினார்! அது நடந்ததா இல்லையா என்று நாம் வழக்காட வரவில்லை. வெறும் கதையாகவே இருக்கட்டும். அடுத்தவன் வழிபாட்டுப் பொருளைத் திருடினார் என்னும் கதையை, வெட்கப்பட்டு மறைக்காமல், பெருமையாகப் புனைந்து, பெருமையாகப் படித்து, பெருமையாகப் பரப்பினார்களே, அந்த மனத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். திருட்டைத் திருப்பணி என்று கற்பித்த சமூகம், இடிக்க வந்தவனை எந்த முகத்தோடு தடுக்கும்?

சிவனுக்குப் பொன் கொடுத்தது பள்ளியின் பக்கம். பள்ளியின் பொன்னைக் கவர்ந்ததாகப் பாராட்டுவது இந்தப் பக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம். அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இராசேந்திரன் 1025-இல் கடாரத்தின்மேல் படையெடுத்தான். கடாரம் கொண்டான் என்று பாடுகிறோம், ஊருக்கெல்லாம் பெயர் வைக்கிறோம். போர் நடந்தது உண்மை. போர் முடிந்து அறுபத்தைந்து ஆண்டு கழிந்து, 1090-இல், கிடாரத்து மன்னனின் தூதர் இருவர் முதற் குலோத்துங்கனிடம் வந்து வேண்டினர். அவன் நாகைப் பள்ளிகளின் ஊர்களுக்கு வரி நீக்கிச் செப்பேடு கொடுத்தான் என்பதும் உண்மை. அந்தச் சிறிய செப்பேடு மூன்றே ஏடுகள். அதில் பள்ளிகளுக்கு இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி என்று சோழர் பெயரே வழங்குகிறது. வென்றவன் பெயரைத் தோற்றவன் பள்ளிக்குச் சூட்டினார்கள், பள்ளியை இடிக்கவில்லை! கடாரம் கொண்ட கதையை மேடைதோறும் முழங்கும் நாவலர்காள், கடாரத்தான் கட்டிய பள்ளியைக் காத்த கதையை முழங்க நா எழாதது ஏன்?

பள்ளி என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். பிள்ளையைப் ‘பள்ளிக்கூடத்துக்கு’ அனுப்புகிறோம். அந்தப் ‘பள்ளி’ எங்கிருந்து வந்தது? சமணத் துறவியும் பௌத்தத் துறவியும் தங்கி, பாயில் கிடந்து, பாடம் சொன்ன இடம் பள்ளி என்று அறிஞர் விளக்குவர். பிரமதேயத்தில் வேதம் ஓதினர். ஓதும் உரிமை யார்க்கு இருந்தது, கேட்கும் உரிமை யார்க்கு இல்லை என்பதை இந்த ஏட்டின் வாசகர்க்கு நாம் சொல்லித் தர வேண்டுவதில்லை. எழுத்தறிவுக்குத் தமிழன் வைத்த பெயர் மட்டும் பள்ளியிலிருந்தே வந்தது. சொல் நம்மிடம் நிலைத்துவிட்டது. சொல் பிறந்த வீடு போய்விட்டது.

காரைக்காலார்க்கு அருகிலேயே ஓர் ஒப்புமை கிடக்கிறது. காரைக்காலை அடுத்த காசாக்குடியில் 1879-இல் பதினோர் ஏடுகள் கொண்ட செப்பேடு கிடைத்தது. நந்திவர்ம பல்லவமல்லன் காலத்தது. கொடுகொள்ளி என்னும் ஊரைப் பெயர்மாற்றி, ஒரு பார்ப்பனர்க்குப் பிரமதேயமாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. இப்படிப்பட்ட பிரமதேயச் செப்பேடுகள் தமிழகத்தில் ஒன்றா, இரண்டா! பள்ளிச்சந்தச் செப்பேடு அவற்றினிடையே அரிது. அந்த அரிய ஏட்டின் கதி என்ன? நாகப்பட்டினம் 1658 முதல் ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1700-களின் தொடக்கத்தில் புளோரன்சியசு காம்பர் என்பார் அந்த ஏடுகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார். 1862-இல் அவை லைடன் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்தன. அன்றுமுதல் உலகம் அவற்றை ‘லைடன் செப்பேடு’ என்கிறது. ஆனைமங்கலத்துச் செப்பேடு என்று நம்மில் எத்துணைப் பேர் சொல்கிறோம்? கோபுரத்துக்கு நான்கு தவறான பெயர். செப்பேட்டுக்கு ஓர் அயலூர்ப் பெயர். பெயர் இழப்பது இந்தப் பள்ளிக்கு எழுதிவைத்த விதி போலும். விதி என்று நாம் சொல்வது கேலியாக. மறந்தோர் வைத்த பெயர்தான் விதி.

ஒரே நாளில் மாண்ட பள்ளியுமன்று இது. பாலி மொழியில் உரை எழுதிய தருமபாலர் நாகப்பட்டினத்து விகாரத்தில் இருந்து ஓர் உரை வரைந்ததாக அவ்வுரையே கூறும். அது சோழர் காலத்துக்கும் முற்பட்டது. பர்மாவின் பெகு நகரில் 1476-ஆம் ஆண்டுக் கலியாணிக் கல்வெட்டு, கலம் உடைந்து தப்பிய பிக்குகள் நாகப்பட்டினம் வந்து, பதரிகாராமம் என்னும் பள்ளி இருந்த இடத்தைக் கண்டு, சீன அரசன் ஆணையால் அமைந்ததாகச் சொல்லப்பட்ட குகையில் புத்தர் திருவுருவை வணங்கினர் என்கிறது. சீனர் 1267-இல் எழுத்துப் பொறித்துக் கட்டிய செங்கற்கோபுரம் ஒன்றை அந்நாட்டுப் பயணநூல் ஒன்று பேசும். அதை நாகைக் கோபுரத்தோடு இணைப்பார் உளர். 1867-இல் இடிந்தது சூளாமணி விகாரத்தின் பகுதியா, சீனர் கட்டியதா என்று அறிஞர் வழக்கிடுகிறார்கள். வழக்கிடட்டும். எவர் கட்டியதாயினும் நாகைப் பௌத்தத்தின் கடைசிச் செங்கல் அதுவே. கோபுரம் நின்றிருந்தால் வழக்குக்கே இடமில்லை. ஓர் ஆராய்ச்சியாளர் போய்ச் செங்கல்லைக் கேட்டிருப்பார்!

மண்ணுக்கு அடியில் இருந்தவை மட்டும் பேசின. 1856-இல் அந்தக் கோபுரத்தருகே ஒரு பழைய இலுப்பை மரத்தை வெட்டியபோது, அடியில் புத்தர் திருவுருவங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றின் பீடத்தில் தமிழ் எழுத்து! தமிழன் வணங்கிய புத்தன், தமிழ் எழுத்தோடு மரத்தடியில் மறைந்து கிடந்தான். எவரோ அஞ்சி மறைத்து வைத்திருக்க வேண்டும். யாருக்கு அஞ்சி என்று சொல்லும் ஏடு இல்லை. அதன்பின் 1930-கள் வரை வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் தோண்டத் தோண்டக் கிடைத்தன. மொத்தம் ஏறத்தாழ 350 செப்புத் திருவுருவங்கள். டி. என். இராமச்சந்திரன் அவற்றை ஆராய்ந்து 1954-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக நூல் எழுதினார். 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டரிடம் அறிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் இருந்ததால் பல உருவங்கள் சென்னைக்கு வந்தன. சென்னையிலிருந்தும் பிற வழிகளிலும் அவை பல ஊர் அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்தன. கல்கத்தாவுக்குச் சென்றவை உண்டு, இலண்டனுக்குச் சென்றவை உண்டு, நியூயார்க்குக்குச் சென்றதும் உண்டு. நாகைப் புத்தனைப் பார்க்க நாகையான் கடல் கடக்க வேண்டும். முன்னே கடாரத்தான் கடல் கடந்து நாகைக்கு வந்தான். இன்று முறை மாறிவிட்டது.

சட்டம் என்றோம். அதையும் பேசுவோம். இந்தியாவில் தொல்லியல் ஆய்வுக்கென ஓர் அலுவலகம் 1861-இல் தோன்றியது. கன்னிங்காம் தலைவர். 1866-இல் செலவைக் காட்டி அதை நிறுத்திவிட்டார்கள். 1871-இல் மறுபடி திறந்தார்கள். நாகைக் கோபுரம் இடிந்தது 1867-இல்! காவலன் உறங்கிய ஐந்தாண்டுக்குள் கன்னம் வைத்தாயிற்று. பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் வந்தது 1904-இல். விடுதலைக்குப்பின் நடுவண் அரசின் சட்டம் 1958-இல். தமிழ்நாட்டுக்கெனத் தனிச்சட்டம் 1966-இல். 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், நடுவண் அரசு காக்கும் சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் கட்டடம் எழுப்பத் தடை வந்தது. நல்ல சட்டங்கள்; குறை சொல்லவில்லை. ஆனால் இவையெல்லாம் எதைக் காக்கும்? பட்டியலில் ஏறியதைக் காக்கும். பட்டியலில் ஏற வேண்டுமானால் இன்னது என்று பெயர் சொல்ல வேண்டும். பெயர் மறந்த பொருளைச் சட்டம் எப்படிக் காக்கும்?

இது 1867-உடன் முடிந்த கதையென்று எண்ணாதீர். சேலத்தில் ஒரு சிலை. மக்கள் அதைத் ‘தலைவெட்டி முனியப்பன்’ என்று பெயரிட்டு வழிபட்டு வந்தனர். அது புத்தர் சிலை என்று கூறி 2011-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். தொல்லியல் துறை ஆய்ந்து, இருக்கை, கை அமைதி, சுருள்முடி எல்லாம் கண்டு, புத்தரே என்றது. 2022-இல் நீதிமன்றம் அதை ஏற்று, அறநிலையத் துறையிடமிருந்த அந்த இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ளவும், புத்தர் சிலை என்று பலகை வைக்கவும் ஆணையிட்டது. ஒரு சிலை தன் பெயரைத் திரும்பப் பெறப் பதினோராண்டு, ஒரு வழக்கு, ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது. ‘தலைவெட்டி’ என்னும் சொல்லைக் கவனித்தீர்களா? வெட்டியது யார் என்று அந்தப் பெயர் சொல்லாது. வெட்டுப்பட்டது மட்டும் நினைவிருக்கிறது. அதைக் கும்பிட்ட எளிய மக்கள்மேல் நமக்குச் சினமில்லை. அவர்களுக்கு வரலாறு சொல்லித் தராதவர்கள்மேல்தான் சினம். படித்தவன் ‘சைனக் கோயில்’ என்று படத்தில் எழுதினான்; படிக்காதவன் ‘முனியப்பன்’ என்றான். இருவரில் படிக்காதவன் பூவாவது வைத்தான்!

நம்மிடம் ஒரு கேள்வி வரும், வரட்டும். ‘கோயிலும் பூசையும் வேண்டாம் என்கிறவர்கள் நீங்கள். இடிந்த மடத்துக்கு ஏன் அழுகிறீர்கள்? புதுக்கோயில் கட்டச் சொல்கிறீர்களா?’ இல்லை ஐயா. அங்கே மணியாட்டவும் மாலை போடவும் நாம் கேட்கவில்லை. இடம் கேட்கிறோம், பெயர் கேட்கிறோம், உண்மை கேட்கிறோம். தமிழன் என்றால் இந்து என்று பிறந்தபோதே முத்திரை குத்தியதுபோல் பேசுவோர் இருக்கிறார்களே, அவர்கள் வாயை அடைக்க நாகைச் செங்கல் போதும். ‘வீரசோழியம்’ என்னும் தமிழ் இலக்கணம் இயற்றிய புத்தமித்திரன் பௌத்தன். சோழ வேந்தன் ஒருவன் பெயரையே நூலுக்கு வைத்தான். அயோத்திதாசர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டு, ஒடுக்கப்பட்டோரின் பழைய நெறி பௌத்தமே என்று முழங்கியபோது, சிரித்தவர்கள் பலர். மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இல் ‘பௌத்தமும் தமிழும்’ எழுதி, இந்த நாட்டில் புத்தர் வாழ்ந்த ஊர்களை எண்ணிக் காட்டியபிறகு சிரிப்புக் குறைந்தது. அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று நமக்கு வேண்டும்: சான்றைக் கண்ணால் காணும் இடம்.

அப்படி ஓர் இடம் நம் பக்கத்தில் இல்லாமலும் இல்லை. காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடியைத் தாண்டிப் பூம்புகாருக்குச் செல்லுங்கள். பல்லவனேச்சுரத்தில் 1960-களில் தொல்லியல் ஆய்வாளர் தோண்டினர். செங்கல்லால் கட்டிய புத்த விகாரம், வரிசையாக அறைகள், புத்தர் பாதம் பொறித்த கல், சிறு செப்புத் திருவுருவம் எல்லாம் வெளிவந்தன. சிறிய இடமே. ஆனால் அதற்கு வேலி உண்டு, பெயர் உண்டு. ஆசிரியர் பிள்ளைகளை அழைத்துப்போய், ‘இங்கே துறவி தங்கினார், இதோ அவர் அறை’ என்று விரல் நீட்டிச் சொல்லலாம். வடக்கே மண்மூடியது மீண்டது. தெற்கே நிமிர்ந்து நின்றது மாண்டது. நடுவே காரைக்கால் இருக்கிறது, இரண்டையும் பார்த்துக்கொண்டு. 1739-இல் தஞ்சை மராட்டிய மன்னனிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்று, 1954-இல் நம்மிடம் வந்த இந்தச் சிறு நிலம், அண்டையூர்ப் பழமைக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று இருந்துவிடலாமா? நாகைத் துறைக்கு வந்த கலங்கள் காரைக்கால் கடலைக் கடந்துதானே வந்தன? வயலில் ஏர் தட்டும் கல்லுக்கு வாஞ்சூர் எல்லை தெரியுமா?

ஆகவே கேட்கிறோம். புதுவை அரசும் தமிழ்நாட்டு அரசும் சேர்ந்து, அரசலாற்றிலிருந்து வெட்டாறு வரையில், ஊர் ஊராக, குளக்கரை, வயல்வரப்பு, அரசமரத்தடி விடாமல் பார்த்து, பௌத்த, சமணச் சின்னம் ஒவ்வொன்றையும் பெயர்சொல்லிப் பட்டியல் எடுக்க வேண்டும். இரண்டு அரசு, இரண்டு பட்டியல் என்று பிரித்தால் எல்லைக்கல்லருகே கிடப்பது இரண்டிலும் விடுபடும். ஆனைமங்கலத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, தங்கள் ஊர் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு பெரும்பள்ளிக்குச் சோறு போட்ட ஊர் என்று செப்பேட்டின் படியைச் சுவரில் மாட்டிக் காட்ட வேண்டும். செப்பேடு எந்த நாட்டில் எந்தப் பெட்டியில் இருந்தாலும் அதன் பெயர் ஆனைமங்கலச் செப்பேடு என்று பாடநூலில் அச்சிட வேண்டும். நாகையில் எடுத்த செப்புத் திருவுருவங்களுள் சென்னையில் உள்ளவற்றில் ஒரு பகுதியேனும் நாகையில் நிலையாகக் காட்சிக்கு வர வேண்டும். கடல் அரிக்கும், உப்புக்காற்று கெடுக்கும், காவல் போதாது என்பார்கள். சரி, காவலைப் போதுமானதாக்குங்கள். மண்ணுக்கடியில் நூற்றாண்டுக்கணக்காகக் கெடாதவை கண்ணாடிப் பெட்டிக்குள்ளா கெட்டுவிடும்?

கோபுரம் நின்ற நிலத்தில் பொய்க்கோபுரம் கட்ட வேண்டாம். சிமெண்டில் ஒரு சூடாமணி விகாரத்தை எழுப்பி, மின்விளக்கு மாட்டி, சுற்றுலாச் சீட்டு விற்க வேண்டாம். சாலையில் போகும் எவர் கண்ணிலும் படும்படி ஆளுயரக் கல் ஒன்று நடட்டும். அதில் புகழுரை வேண்டாம், அமைச்சர் பெயர் வேண்டாம், திறப்பு விழா நாளும் வேண்டாம். தமிழில் இவ்வளவு பொறித்தால் போதும்: ‘இங்கே நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளியின் கோபுரம் நின்றது. ஊரார் அதன் பெயரை மறந்தனர். 1867-இல் அரசாங்கத்தின் அனுமதியோடு இடிக்கப்பட்டது.’